மாசியிலேயே மாடிக்கு வெள்ளை அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவள் நான். முன்னால் மொட்டை மாடிக் கட்டடம், கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். பின்னால் பொடக்காளியில் சிமெண்ட் சீட் போட்ட மூன்று லைன் வீடு. வாடகைக்கு இருப்பவர்கள் வெயிலைப் பற்றி எழுதினால் ஆச்சரியமில்லை, ஆனால் இதை வீட்டுக்காரர்கள்தான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டதால் எழுதுகிறேன்.

வெயில் பற்றிய செய்தி எல்லாம் கத்திரி பிறக்கும்போதுதான் பத்திரிகைகளில் வருகிறது. மோர் குடியுங்கள், நுங்கு சாப்பிடுங்கள், மதியம் வெளியே போகாதீர்கள் என்று போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் கத்திரி வருவது சித்திரை 21-ல், அதற்குள் எங்கள் ஊரில் வீடெல்லாம் இரண்டு மாதச் சூட்டைக் குடித்து முடித்திருக்கும். 2024-ல் ஏப்ரல் மாதமே ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் வீட்டுக்குச் செய்ய வேண்டிய வேலையை மாசியிலேயே முடித்துவிட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பெரிய மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கும் பூச்சாட்டுக்கு முன்னால். கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு கிளம்பும்போது நம் வீட்டுக் கூரை வேலை முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு இது எப்படி உறைத்தது என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும், கரண்ட் பில் காசு வாங்குவதற்காக மேல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி, நான்கு வயதில் ஒரு பையன். அவர் தறிக்குப் போகிறவர், அந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். கதவைத் திறந்த அந்தப் பெண், "ஏனுங்கக்கா, கூப்பிட்டிருந்தா நானே கீழ கொண்டாந்து குடுத்திருப்பனுங்களே" என்றாள். உள்ளே பார்த்தால் அவர் பாய்கூட இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிறார், மேலே நனைத்துப் பிழிந்த வேட்டி. தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்த ஈரம் ஓரத்தில் மட்டும் மிச்சம் இருக்கிறது, நடுவில் காய்ந்துவிட்டது. பையன் வாசக்கால் ஓரம் சுருண்டு கிடக்கிறான், முதுகெல்லாம் வேர்க்குரு. மேலே ஃபேன் சுற்றுகிறது, அதிலிருந்து இறங்குவது அடுப்பு வாயில் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்த அனல். "சுவத்தத் தொட்டுப் பாருங்கக்கா" என்று அவள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னாள். மேற்குச் சுவரில் கை வைத்தேன், ஒரு நிமிஷம் வைக்க முடியவில்லை.

கீழே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் வீடு அப்படிக் கொதிக்கவே இல்லை. ஏன் என்றால் என் தலைக்கு மேல் அவர்கள் வீடு இருக்கிறது. நான் இத்தனை வருஷம் வாடகை வாங்கிக்கொண்டு அவர்களையே குடையாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கீழேதான் இருக்கிறோம், மேலே வாடகைக்கு விடுகிறோம். மொட்டை மாடியோ நம் பூட்டில் இருக்கிறது. வடகம் காயப்போட்டால் யாரும் மிதிக்கக் கூடாது என்று நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆகக் கூரை நம்முடையது, சாவி நம்மிடம், சூடு மட்டும் அவர்களுக்கு. அவர்களால் மேலே ஏறி ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. இதனால்தான் கூரை வேலை முழுக்க முழுக்க வீட்டுக்காரர் வேலை என்று அடித்துச் சொல்கிறேன்.

கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். மதியத்திலிருந்தே அதைக் கீழே வீட்டுக்குள் விட ஆரம்பித்து, வெயில் இறங்கிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெளியே ஏழு மணிக்குக் காற்று கொஞ்சம் ஆறியிருக்கும்போது மாடி வீட்டுக்குள் பத்து மணி வரைக்கும் வேக்காடு தாங்காது. இதற்கு ஒரே வழி, சூடு உள்ளே போவதற்கு முன்பே மேலேயே திருப்பி அனுப்புவது. கருத்த தளம் வெயிலை விழுங்கும், வெள்ளைத் தளம் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், அவ்வளவுதான் விஷயம். எங்கள் அப்புச்சி வீட்டில் வருஷம் தவறாமல் சுண்ணாம்பு அடித்தார்கள், நோம்பிக்கு அழகுக்கு என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டோம்.

நான் என்ன செய்தேன் என்று விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். எங்கள் மாடி சுமார் 800 சதுர அடி. முதலில் சீமாற்றால் நன்றாகக் கூட்டி, பாசி பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினோம். விரிசல் இருந்த இடத்தில் கொத்தனாரை வைத்துப் பூசினோம், அதைச் செய்யாமல் மேலே வெள்ளை அடித்தால் ஐப்பசி மழைக்கு ஒழுகும். பிறகு கல் சுண்ணாம்பு 30 கிலோ வாங்கி ஒரு பழைய இரும்பு டிரம்மில் முக்கால்வாசி தண்ணீர் வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். இதில் கவனம் வேண்டும், சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்ததும் தளதளவென்று கொதிக்கும், கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் பழைய சேலைத் துணியில் வடிகட்டி, 5 கிலோ வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்தோம். விடியற்காலையில் தளத்தை ஈரப்படுத்திவிட்டுத் தண்ணியாக ஒரு கை, காய்ந்ததும் குறுக்காக இன்னொரு கை. வெயில் ஏறியபின் அடிக்காதீர்கள், உடனே காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அடித்து முடித்து இரண்டு நாள் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், சுண்ணாம்பு ஈரத்தோடு காற்றைக் குடித்துத்தான் மறுபடி கல்லாக இறுகும். பெயிண்ட் கடையில் வெள்ளைக் கூலிங் பெயிண்ட் என்று டப்பாவில் விற்பதும் நன்றாக வேலை செய்கிறது, இரண்டு மூன்று வருஷம் நிற்கும், விலைதான் பல மடங்கு. எனக்குச் சுண்ணாம்பு, வெள்ளை சிமெண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு வீட்டின் ஒரு மாத வாடகையில் பாதிகூட ஆகவில்லை. மழைக்குக் கரையும், அதனால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

அடித்த வாரமே மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் நடந்து பார்த்தேன். முன்பெல்லாம் ஓடித்தான் கடக்க முடியும், இப்போது நின்று துணி எடுக்க முடிந்தது. வெள்ளை கண்ணைக் கூசும், அது மட்டும் உண்டு. சாயங்காலம் அந்தப் பெண் மாடிப்படியில் பார்த்து, "நேத்து பையன் அழுகாம தூங்குனானுங்கக்கா" என்றாள்.

இனி சீட் வீடு. இதுதான் கஷ்டமான விஷயம், திருப்பூரிலும் பெருந்துறையிலும் எங்கள் ஊரிலும் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பது இதில்தான். சீட் மெல்லிசு, கான்கிரீட் மாதிரி சூட்டைத் தேக்கி வைக்காது, வெயில் ஏற ஏற அப்படியே உள்ளே இறக்கும். வழுவழுப்பான சீட்டில் சுண்ணாம்பு அவ்வளவாக ஒட்டாது, முதல் மழைக்கே வழிந்துவிடும், அதற்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட்தான் சரி. அதைவிட நான் பார்த்து நல்ல பலன் தந்தது நிழல் வலை. நர்சரியில் கட்டும் பச்சை வலைதான், சீட்டின் மேல் படுக்கப் போடாமல் கம்பி நட்டு ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் சூடு கலையும், சீட்டோடு ஒட்டிப் போட்டால் பலன் பாதிதான். தென்னந்தடுக்கு பரப்புவதும் உண்டு, குளுமைக்கு அதற்கு ஈடே இல்லை, ஆனால் கோடையில் காய்ந்த ஓலை ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், வரிசையாகக் குடித்தனம் இருக்கும் இடத்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இன்னும் இரண்டு விஷயம். பழைய சீட்டின் மேல் ஆளை நேராக ஏற்றாதீர்கள், பலகை போட்டுச் சீட்டைத் தாங்கும் சட்டம் இருக்கிற இடத்தில்தான் மிதிக்கச் சொல்ல வேண்டும், சீட் உடைந்து விழுந்து இடுப்பு முறிந்தவரை எனக்குத் தெரியும். அதோடு ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்த சிமெண்ட் சீட்டைச் சுரண்டுவது, அறுப்பது, காய்ந்தபடி தேய்ப்பது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துக்கூட நோயாக வரும். தண்ணீரில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும்.

நம் பக்கத்தில் வீட்டைக் குளுமையாக வைப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ராத்திரித் தூக்கத்தையே சொல்கிறார்கள். தறி, ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி என்று ராத்திரியில் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் அது போதாது. காலை ஒன்பது மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய மனிதன், வெயில் உச்சிக்கு ஏறுகிற அந்த நேரம் முழுவதையும் கூரைக்கு அடியில் கழிக்கிறான். தூங்காமல் மறுபடி ராத்திரி மெஷினில் போய் நிற்கிறான், கை விரல் போவது அப்படித்தான். வீட்டுக்காரர்கள் குடி வைக்கும்போது எத்தனை பேர், என்ன சம்பளம் என்று கேட்கிறோம், ஷிஃப்ட் எது என்று கேட்பதில்லை. நான் இப்போது கேட்கிறேன். பகலில் தூங்குகிறவர்கள் என்றால் அந்த வீட்டு மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வலையோ கட்டிக் கொடுக்கிறேன். உள்பக்கம் திரை போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகுதான் தடுக்கிறது, வெளியிலேயே தடுத்தால் பெரும்பகுதி வருவதே இல்லை.

ஜன்னல் என்றதும் கொசுவைச் சொல்ல வேண்டும். ராத்திரி மேல்காற்று வீசினாலும் எத்தனை வாடகை வீட்டில் ஜன்னல் மூடியே கிடக்கிறது, கொசுவுக்குப் பயந்துதான். ஜன்னலுக்கு வலை அடிக்க ஆகும் செலவு மிகக் குறைவு, அடித்துக் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்கள், சுவர் ஆறும், காலையில் எட்டு மணிக்கு எல்லாவற்றையும் மூடினால் அந்தக் குளுமை மதியம் வரை கொஞ்சம் நிற்கும். சுவரின் உச்சியில் இருக்கும் வெண்டிலேட்டரைப் பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்து அடைத்து விடுகிறார்கள், அதைத் திறந்து விடுங்கள், சூட்டுக் காற்று மேலேதான் நிற்கிறது, அதற்குப் போக ஒரு வழி வேண்டும். ஏர் கூலர் வைக்கக் கூடாது என்று சில வீட்டுக்காரர்கள் தடுக்கிறார்கள், தரை நனைகிறது என்று. சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலர் எடுபடாது, நம் பக்கம் கோடைக் காற்று வறண்டது, இங்கே ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் கூலர் நன்றாகவே வேலை செய்யும். வாங்க முடிகிறவர்களை வாங்க விடுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதுதான் போயிருக்கும், சின்னச் செலவு. முடிந்தால் ஃபேனையே மாற்றலாம். 75 வாட் பழைய ஃபேன் நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகிறது, கரண்டைக் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 29 யூனிட்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஏழைக் குடும்பத்துக்குப் பெரியது. ஆனால் பல லைன் வீடுகளில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, உள்ளே ஆளுக்கொரு சின்ன மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததுதான் ரேட். இலவச யூனிட் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. காசுக்குப் பயந்து ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும் கிழவியை நான் இதே தெருவில் பார்த்திருக்கிறேன். தனித்தனி மீட்டருக்கு எழுதிப் போடுங்கள், அது வரும் வரைக்கும் பில்லில் என்ன வருகிறதோ அதை மட்டும் பிரித்து வாங்குங்கள். கோடையில் கரண்டில் லாபம் பார்ப்பது பாவம்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் இருந்தால் மதியம் பைப்பைத் திறந்தால் வருவது வெந்நீர், பாத்ரூமில் குழந்தையின் காலில் ஊற்ற முடியாது. டேங்குக்கு வெளியே வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே வலை கட்டி, வெயிலில் கிடக்கும் பைப்புக்குக் கோணிச்சாக்கு சுற்றினால் சரியாகிவிடும். கோடைக்கு முன்னால் டேங்கை ஒரு தடவை கழுவுங்கள். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் எல்லாக் குடித்தனத்துக்கும் பிடிக்க நேரம் விடுங்கள்.

இதையெல்லாம் செய்யச் சொன்னால் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர், "இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குக் காலி பண்ணுவாங்க, அவங்களுக்கு எதுக்குங்க செலவு" என்கிறார். கூரை அவர்களோடு காலி செய்துகொண்டு போகப் போவதில்லையே. வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கி விரிசல் விடுவது நம் தளம்தான், வெள்ளை அடித்தால் அதற்கும் நல்லது. வெயில் தாங்காமல் சித்திரையில் ஆள் காலி செய்து, ஆடி வரை வீடு பூட்டிக் கிடந்தால் நஷ்டம் யாருக்கு? இந்தச் செலவை வைத்து வாடகையை ஏற்றுவதும் சரியில்லை. குடியிருக்கத் தகுந்த வீடு என்றுதானே வாடகை வாங்குகிறோம்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2017-ல் கொண்டுவந்து 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் எந்த வேலை யாருடையது என்று அட்டவணையே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னல் பெயிண்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கொசுவலை மாதிரி சின்ன வேலைகள் குடியிருப்பவருடையது. உரிமையாளர் தன் பங்குப் பழுதைச் செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. தகராறு என்று வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. கொசுவலை அட்டவணையில் அவர்கள் பக்கம் இருந்தாலும் நான் அடித்துக் கொடுப்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான், அவர்கள் ஜன்னல் திறந்தால் என் சுவர் ஆறுகிறது.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு புங்கமரம் நின்றது. பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் வெட்டினோம், இலை குப்பையாகிறது என்பதும் ஒரு காரணம். அந்தப் பெண் தொடச் சொன்ன சுவருக்கு நேரே நின்ற மரம் அது. பொழுது சாயும் நேரத்து வெயில் முழுவதையும் அது வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. அதே குழிக்குப் பக்கத்தில் போன ஆடியில் ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறேன், இப்போது என் இடுப்பு உயரம். வெட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து வெட்டாதீர்கள், சுண்ணாம்பும் வலையும் ஒரு மரத்துக்கு ஈடாகாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கொடுக்கவும் வழி செய்தது. நல்ல முடிவு. ஆனால் ஆள் போனபிறகு கொடுப்பதில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே கூரைக்குச் செலவழித்தால் எத்தனையோ வீடு ஆறும். தெலங்கானாவில் 2023-லேயே வெயிலைத் திருப்பிவிடும் குளிர்கூரைக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தார்கள். நம் மாநகராட்சி, நகராட்சிகளும் மாடிக்கு வெள்ளை அடித்த வீட்டுக்குச் சொத்து வரியில் கொஞ்சம் தள்ளுபடி தரலாம், ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் தகர சீட் லைன்களை மாசியிலேயே போய்ப் பார்த்து வலை கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். வடமாநிலத்துப் பையன்கள் தங்கியிருக்கும் அந்த அறைகளைப் பற்றிப் பேச உள்ளூரில் யாரும் இல்லை, பாஷையும் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பார்கள்?

உங்கள் பத்திரிகை இந்த வேலைகளைப் பற்றிப் பங்குனி பிறக்கும் முன் ஒரு பக்கம் போட்டால் நன்றாக இருக்கும், கத்திரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் சுண்ணாம்பு வாங்கி வைத்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறோம். மாடிச் சாவியை இரண்டு வருஷமாகப் படிக்கட்டுப் பக்கத்து ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி மேல் வீட்டுக்காரர்கள் பாயை எடுத்துக்கொண்டு போய் மாடியில் படுக்கிறார்கள், பின்னால் லைன் வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். வடகத்தை நான் ஒரு மூலையில் போட்டுக்கொள்கிறேன், இதுவரை யாரும் மிதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வீட்டுக்காரம்மா,
ஈரோடு.